அவளே பேசி முடித்திருப்பாள்

சிறுமிகளுக்கான எங்கள் சாரணியர் குழுவின் ஆண்டு விழாக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நன்றியுரையின் நடுவே வரி மறந்து நின்ற சிறுமியின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, மீதியைத் தாமே பேசி முடித்த பெரியவரைப் ‘பெருந்தன்மையானவர்’ என்று பாராட்டி வரும் கருத்துகளைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவளுக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் அவகாசம் மட்டுமே. அந்த உரையை எழுதியது அவள். யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோழிகளோடு வாதிட்டு முடிவு செய்ததும் அவள். பொறுத்திருந்தால் அவளே பேசி முடித்திருப்பாள்.

“அவமானத்திலிருந்து காப்பாற்றத்தானே செய்தார்?” என்று கேட்கிறீர்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் தடுமாறி, மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி தொடங்கிப் பேசி முடிக்கும் பெண்ணுக்கு, அடுத்த முறை தடுமாறினாலும் மீள முடியும் என்பது தெரிந்துவிடுகிறது. பாதியில் இறக்கிவிடப்பட்டவளுக்கோ, தடுமாறினால் தன் இடம் பறிபோகும் என்பதுதான் தெரியும். ‘நிஜமாகவே மிகமிகப் புத்திசாலி’ என்றால் அது தங்களைப் போன்றவர்கள் அல்ல என்று பெண் குழந்தைகள் ஆறு வயதிலேயே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள் என 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அந்த எண்ணத்தோடு வருபவளிடம் நாமும் மைக்கைப் பிடுங்கினால் அவள் வேறு என்ன நினைப்பாள்?

எங்கள் குழுவில், யார் எது கேட்டாலும் தலையாட்டுவதைத் தவிர வேறு பதில் சொல்லாத ஒரு பெண் இருந்தாள். சாமான் பெட்டியின் சாவியையும் பதிவேட்டையும் அவளிடம் ஒப்படைத்தோம். ஒருநாள் கூடாரக் கயிறு கேட்டுப் போன என்னிடம், பதிவேட்டில் விரலை வைத்தபடி, “போன வாரம் வாங்கின கயிறே இன்னும் வரலை அக்கா, அது வந்தாத்தான் இது” என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் சாவியை மட்டும் அவள் தரவில்லை. பழைய கயிற்றைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்குப் புதிய கயிறு கிடைத்தது. எத்தனை சொற்பொழிவு கேட்டிருந்தாலும் அந்தக் குரல் அவளுக்கு வந்திருக்காது.

இது நான் கண்டுபிடித்த முறையும் அல்ல. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சில சிறுமிகள் அழைப்பில்லாமலே வந்து, தாங்களும் சாரணர்களே என்று நின்றார்கள். அடுத்த ஆண்டு பெண்களுக்கான தனி இயக்கம் உருவானது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணி, அவர்களில் ஒருத்தியே தலைவி, பெரியவர்கள் துணைக்கு மட்டும் என்பதுதான் சாரணியர் இயக்கத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் முறை.

“பெண்களுக்கு மட்டும் ஏன் தனிக்குழு?” என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: அங்கே கூடாரம் அடிப்பதிலிருந்து கணக்கு எழுதுவது வரை எல்லா வேலையும் அவர்களுடையது. பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களின் கேள்வி மட்டும் முழுக்க நியாயமானது. தன்னார்வலரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனித்திருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆபத்திலிருந்து காப்பதும் தடுமாற்றத்திலிருந்து தடுப்பதும் ஒன்றல்ல.

“வேறு வேலை இல்லாதவர்கள் நடத்தும் குழு” என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வலித்தது. எங்களுக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, உடல்நலமில்லாத பெற்றோர் இருக்கிறார்கள். ஊதியம் இல்லாமல் வார இறுதியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைகளின் ஒவ்வொரு சிறு துணிச்சலுக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அப்படி வந்த துணிச்சலை ஒரே நிமிடத்தில் தட்டிப் பறித்ததற்குக் கைதட்டல் கிடைத்தால் கோபம் வராதா?

அடுத்த நிகழ்ச்சியையும் அந்தப் பிள்ளைகள்தான் நடத்துவார்கள். நன்றியுரையை அவளே சொல்ல வேண்டும் என்று அணித் தலைவிகள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள், அவளும் சம்மதித்துவிட்டாள். வருகிறவர்கள் அவள் பேசி முடிக்கும்வரை இருக்கையை விட்டு எழ வேண்டாம்.