பங்காருபேட்டை பக்கத்துல நான் பார்த்த ஜெபக்கூட்டம்

கிராமத்து ஜெபக்கூட்டம்னா வெறும் சத்தம், உணர்ச்சிவசப்படுறதுன்னு உங்க கட்டுரையில ஒரே வரியில முடிச்சிட்டீங்க, படிச்சதும் மனசுக்கு கஷ்டமாயிடுச்சு. நான் பெங்களூரு லிங்கராஜபுரம். எங்க ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் பண்ற அக்கா கூப்பிட்டாங்கன்னு பங்காருபேட்டை தாண்டி அவங்க ஊருக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். கோலார் தங்கச்சுரங்கத்த 2001ல மூடுனதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு பெங்களூரு ரயில்தான் பொழப்பே.

சர்ச்னா தகரக் கூரை, கீழ பிளாஸ்டிக் பாய், அவ்ளோதான். பாட்டு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல கரண்ட் போயி மைக் நின்னுச்சு, ஆனா ஒருத்தரும் பாட்ட நிறுத்தல, டோலக்கும் கைத்தட்டலுமா இன்னும் பலமா பாடுனாங்க, ஒரு பையன் செல்போன் லைட்ட பாஸ்டரோட பைபிள் மேல கடைசி வரைக்கும் பிடிச்சிட்டே நின்னான். சாட்சி சொல்ற நேரத்துல ஒரு அம்மா எந்திரிச்சு, "இந்த வாரம் அஞ்சு நாளும் வேலை கெடச்சுது, ஸ்தோத்திரம்"னு சொல்லி விக்கி விக்கி அழுதாங்க. அஞ்சு நாள் கூலி வேலைங்க! அதையா உணர்ச்சிவசப்படுறதுன்னு தள்ளுறீங்க?

இன்னொன்னும் எழுதியிருக்கணும். 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரா இருக்குற தலித்துக்கு எஸ்சி (பட்டியல் சாதி) சலுகை கிடையாது, சீக்கியருக்கு 1956லயும் பௌத்தருக்கு 1990லயும் குடுத்துட்டாங்க. சலுகைக்காகத்தான் கிறிஸ்தவத்துக்கு வர்றாங்கன்னு பேசுறவங்க இத யோசிக்கணும்.

கெளம்பும்போது அந்த அம்மாவே வந்து என் தலையில கை வச்சு, என் பேரு கேட்டு ஜெபம் பண்ணாங்க, கையெல்லாம் காப்பு காய்ச்சிருந்துச்சு.