நுவார் எழுத்தாளர்களைத் தேட ஆளைப் பிடிக்காதீர்கள், வரிசையைப் பிடியுங்கள்

நுவார் என்கிற இருண்ட க்ரைம் கதை வகையில் அமெரிக்கர்களான ஹாமெட்டும் சாண்ட்லரும் படித்தாயிற்று, அடுத்து யார்? புதுச்சேரியில் க்ரைம் படிக்கிறவர்கள் கூடினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதிலாகக் கிடைக்கும் பட்டியல்களில் திரும்பத் திரும்ப அதே பத்துப் பெயர்கள்தான். மறந்துபோனவர்கள் வேண்டுமென்றால் அவர்களை வெளியிட்ட பத்திரிகையையும் பதிப்பக வரிசையையும் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ‘பிளாக் மாஸ்க்’ என்ற அமெரிக்க க்ரைம் கதை இதழ். 1926 முதல் 1936 வரை ஜோசப் ஷா ஆசிரியராக இருந்த காலத்து இதழ்களின் பொருளடக்கத்தை எடுத்து, ஹாமெட்டுக்குப் பக்கத்தில் அச்சான பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுல் விட்ஃபீல்ட் அங்கேதான் இருக்கிறார். ராமோன் டெகோல்டா என்ற புனைபெயரில், மணிலாவில் துப்பறியும் ‘ஜோ கார்’ என்ற பாத்திரத்தின் கதைகளை எழுதியவரும் இவரே. புனைபெயரைத் தேடாவிட்டால் பாதி ஆள் கைக்கு வரமாட்டார்.

அடுத்தது, நம் ஊருக்கென்றே வாய்த்த வழி. பிரான்சின் கலிமார் பதிப்பகத்தில் மார்செல் துயமெல் 1945-இல் தொடங்கிய ‘செரி நுவார்’ என்ற க்ரைம் நாவல் வரிசை. அமெரிக்க க்ரைம் எழுத்தாளர் ஜிம் தாம்ப்சன் 1977-இல் இறந்தபோது அமெரிக்காவில் அவருடைய ஒரு நாவல்கூட அச்சில் இல்லை. பிரான்சிலோ 1966-லேயே அந்த வரிசையின் 1000-ஆவது புத்தகமாக அவருடைய ‘பாப். 1280’ நாவலைப் போட்டுக் கௌரவித்திருந்தார்கள். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த குடும்பங்கள் இத்தனை இருக்கிற ஊரில் இதை விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய பிரெஞ்சுப் புத்தகம் கண்ணில் பட்டால் அட்டையோடு நிறுத்தாமல் தலைப்புப் பக்கத்தின் முன்னும் பின்னும் பாருங்கள். மூலத் தலைப்பு இருந்தால் அதை வைத்து ஆங்கிலப் பதிப்பைத் தேடலாம். பிரெஞ்சுத் தலைப்பை மொழிபெயர்த்துத் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அமெரிக்கப் பெயர் போட்டிருப்பவரெல்லாம் அமெரிக்கர் என்றும் நம்பிவிட வேண்டாம். ஜான் அமிலா என்ற பெயரில் வந்தவர் ழான் மெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர். அவரும் தேடிப் படிக்க வேண்டியவர்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துச் செரி நுவார் மொழிபெயர்ப்புகளில், பக்க அளவுக்குள் அடக்கப் பத்திகளையே வெட்டியிருக்கிறார்கள். தாம்ப்சனின் அந்த நாவலில் ஊரின் மக்கள்தொகை 1280. பிரெஞ்சுத் தலைப்பில் அது 1275 ஆகிவிட்டது. வெட்டில்லாத புதிய மொழிபெயர்ப்பு 2016-இல்தான் வந்தது. ஆகவே எழுத்தாளரைக் கண்டுபிடிக்கப் பழைய பதிப்பு, படித்து எடைபோட மூலமோ புதிய பதிப்போ.

வாங்கும்போது முதுகைத் திருப்பிப் பாருங்கள். பசை காய்ந்திருந்தால் விரித்தவுடன் தாள் தாளாக உதிரும். நம் கடற்காற்றில், சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டவே கூடாது, ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இன்றைய எழுத்தாளர்களுக்கும் இதே வழிதான். க்ரைம் எழுத்துக்கு அமெரிக்காவில் தரும் எட்கர் விருதில், கெட்டி அட்டைப் பதிப்பு இல்லாமல் நேரடியாக பேப்பர்பேக்காக வரும் நாவல்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அமெரிக்க எழுத்தாளர் மேகன் அபாட் 2008-இல் அதில்தான் வென்றார். பரிசு பெற்றவரோடு நிற்காமல், இறுதிப் பட்டியலில் இருந்தவர்களையும் பாருங்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. 1959-இல் இறந்த சாண்ட்லரும் 1961-இல் இறந்த ஹாமெட்டும் இங்கே பொதுவுடைமை ஆகிவிட்டார்கள். 1945-இல் இறந்த விட்ஃபீல்ட் எப்போதோ ஆகிவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நாவலில் கைவைக்கும் முன் ஒரு ஜோ கார் சிறுகதையைத் தமிழில் செய்து பாருங்கள். மணிலாவின் வெயிலும் துறைமுகமும் கடலூர்க்காரருக்கு அந்நியமாக இருக்காது.