இலவசம் முழுவதும் நிற்கவில்லை

“மைக்ரோசாப்ட் தொண்டு நிறுவனங்களுக்கு இலவசத்தை நிறுத்திவிட்டது, இனி எல்லோரும் காசு கட்டணும், இல்லாவிட்டால் மெயில் எல்லாம் போய்விடும்” என்று ஒரு அண்ணன் எழுதியிருப்பது பாதிதான் சரி. இதைப் படித்துவிட்டு உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சின்ன அறக்கட்டளை நடத்துபவர்கள் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடக் கூடாது.

மெயில், வேர்டு, எக்செல் எல்லாம் சேர்ந்த மைக்ரோசாப்ட் 365 சேவையில் பல திட்டங்கள் உண்டு. நின்றது அதில் பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் தந்துவந்த 10 இலவச உரிமங்களும், ஆபீஸ் 365 இ1 என்ற திட்டத்தின் இலவசமும். அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில் இல்லை. 2025 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ உங்கள் புதுப்பிப்புத் தேதி எப்போது வருகிறதோ, அப்போதுதான். பிசினஸ் பேசிக் என்ற அடிப்படைத் திட்டம் 300 பேர் வரை இலவசமாகவே தொடர்கிறது. பழைய உரிமம் முடியும் முன்பே அதே பயனர் கணக்குக்கு பேசிக்கை மாற்றிக் கொடுத்தால் மெயில் அப்படியே இருக்கும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பேசிக்கில் கணினியில் நிறுவும் வேர்டு, எக்செல் கிடையாது. பிரவுசரில்தான் திறக்க வேண்டும். மகளிர் குழுக் கடன் வரவை மேக்ரோ (பட்டனை அழுத்தினால் வேலையைத் தானே செய்யும் சிறு நிரல்) போட்ட எக்செல் தாளில் வைத்திருப்பீர்கள். அந்தத் தாள் பிரவுசரில் திறக்கும், ஆனால் பட்டனை அழுத்தினால் மேக்ரோ ஓடாது. கணக்கு பார்க்கும் அந்த ஒருவருக்கு மட்டும் தள்ளுபடி விலையில் பிரீமியம் வாங்குங்கள், போதும். கடிதம் அடிப்பவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் தாராளம். அப்புறம், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை இப்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.