அந்த சிமென்ட் பெஞ்ச்

ஒரு சங்கீத சபாவின் லாபியில், படியில் உட்கார்ந்த பெரியவரை எழுப்பிவிட்டதைப் பற்றி நேற்று ஒரு படம் போட்டேன். அதற்கு வந்த கமென்ட்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எந்த சபா என்று பாதிப் பேர் கண்டுபிடித்துவிட்டீர்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை.

நடந்தது இவ்வளவுதான். புதுப்பித்துத் திறந்த லாபியில், மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மதியக் கச்சேரி கேட்டுவிட்டு மாலைக் கச்சேரிக்குக் காத்திருந்தவர். படியில் உட்காரக் கூடாது என்று செக்யூரிட்டி எழுப்பிவிட்டார். சரி, வேறு எங்கே உட்காருவது? படிக்குக் கீழே முன்பு ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்தே வழவழப்பானது. இப்போது அங்கே ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு, சுற்றிலும் சிவப்புக் கயிறு, ‘செல்ஃபி பாயின்ட்’ என்று ஒரு பலகை.

“இவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள், பாராட்ட மனசு வரலையா?” என்கிறார் ஒருவர். வந்தது சார். வளைந்த மரத் தடுப்பையும் மஞ்சள் வெளிச்சத்தையும் நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். அந்தப் பெரியவர் எழுந்து, கை ஊன்ற சுவரைத் தேடினாரே, அதுவரைக்கும் பாராட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ரசிகர் எல்லாரும் காரில் வந்து இறங்கி நேரே சீட்டுக்குப் போகிறவர்கள் என்று பிளான் போட்டவர் நினைத்துவிட்டார் போல. தாம்பரத்திலிருந்து ரயிலில் வருகிறவர் இரண்டு கச்சேரிக்கு நடுவே வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. அவருக்கு உட்கார ஒரு இடம் வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

லண்டனில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்று ஓர் அரங்கம். 1951-இல் கட்டியது. கச்சேரிக் கூடத்தையே தூண்கள் மேல் தூக்கி வைத்திருப்பதால் அடியில் பெரிய வெளி. 1983 முதல் அதைப் பகல் முழுக்க எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், டிக்கெட் வேண்டாம். நாளடைவில் கடைகளும் அலுவலகங்களும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டன. 2005-இல் மூடிப் புதுப்பித்து 2007-இல் திறந்தார்கள். அப்போது முதலில் இடம் மாறியது யார் தெரியுமா? ஆபீஸ்காரர்கள். ரயில் பாலத்தை ஒட்டி ஒல்லியாக ஒரு கட்டடம் கட்டி அவர்களை அங்கே அனுப்பினார்கள். காலியான இடம் வந்துபோகிறவர்களுக்கு. பழைய தரைவிரிப்பின் டிசைனைக்கூட விடாமல் திரும்ப நெய்து போட்டார்கள்.

இது எப்படித் தெரியும் என்றால், நான் அங்கே மாதக்கணக்கில் ஓசியில் உட்கார்ந்தவன். 2011 குளிர்காலம். நான் இருந்த ரூமில் பகலில் ஹீட்டர் போட மாட்டார்கள். சனி, ஞாயிறு என்றால் டப்பாவில் எலுமிச்சை சாதத்தோடு அங்கே போய்விடுவேன். ஒருநாள் ஊழியப் பெண் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். எழுந்திரு என்பார் என்று டப்பாவை மூடிவிட்டேன். லேப்டாப்பைக் காட்டி, பிளக் பாயின்ட் அந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அப்போ லண்டனுக்கே போயிடு” என்று எழுதப் போகிறவருக்கு: நியூயார்க்குக்கும் போகிறேன், இருங்கள். அங்கே டேவிட் கெஃபன் ஹால் என்ற கச்சேரி அரங்கத்தை 2022-இல் புதுப்பித்துத் திறந்தபோது சீட்டை 2,738-லிருந்து 2,200 ஆகக் குறைத்து, லாபியை இரண்டு மடங்காக்கினார்கள். உள்ளே நடக்கும் கச்சேரியை லாபியில் பெரிய திரையில் ஓசியில் பார்க்கலாம். நான் கேட்பது திரை இல்லை. பெஞ்ச்.

பணம் யார் தருவார் என்பது நியாயமான கேள்வி. ஸ்பான்சர் பெயர் பொறித்த சுவர் இருக்கட்டும். அதற்குக் கீழே நாலு நாற்காலி போட்டால், உட்கார்ந்து அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டிருப்போம்.

ஆனால் “சபா என்ன பஸ் ஸ்டாண்டா?” என்று ஒரு கமென்ட், அதற்கு எழுபது லைக். அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார இடம் இருக்கும் ஐயா. அது ஒருபுறம். படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதே படியில், ஐந்தடி தள்ளி, பட்டுப்புடவையில் இரண்டு பேர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் எழுப்பவில்லை. எழுந்தது ரப்பர் செருப்பும் ரெக்சின் பையும்தான். நான் சும்மா கிளப்பிவிடுகிறேனா? இருக்கலாம். என் அப்பா நாகஸ்வரத்தில் நாலு ஸ்வரம் கேட்டால் ராகம் சொல்வார். ஊரிலிருந்து வந்தவரை முதல்முறை ஒரு சபாவுக்குக் கூட்டிப்போனபோது, வாசலில் அவர் வாயைத் திறக்கும் முன்பே “யாரைப் பார்க்கணும்?” என்றார்கள். கச்சேரி கேட்க வந்தோம் என்று சொல்ல எனக்கு ஏனோ குரல் வரவில்லை. அடுத்த முறை கூப்பிட்டபோது, ரேடியோவிலேயே கேட்டுக்கிறேன்டா என்றுவிட்டார்.

அப்புறம், அந்த செக்யூரிட்டியை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று எழுதியவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். அவரிடம் பேசினேன். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை டியூட்டி. முன்பு யாரும் இல்லாத நேரத்தில் அந்த பெஞ்சில்தான் உட்காருவாராம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். வீட்டில் ஒரு மடக்கு நாற்காலி இருக்கிறது. உள்ளே விடுவார்களா என்று யாருக்காவது தெரியுமா?