முட்டுச்சந்து

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அத்தை வீட்டுத் துணிக்கொடி தெரியும். காய்கிற புடவை என்ன நிறம் என்றுகூடச் சொல்லிவிடலாம். போய்ச் சேரத்தான் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகும்: மெயின் ரோடு, யூ டர்ன், அப்புறம் அவர்கள் லேஅவுட் ஆர்ச். நடுவில் இருப்பது ஒரு ஆறடிச் சுவர்.

சென்னையில் மேடவாக்கத்துக்குத் தெற்கே குடிவந்த பலருக்கும் இது சொந்தக் கதைதான். வயல் மனையாகும்போது, வாங்கிய நிலம் எங்கே முடிகிறதோ அங்கேயே தெருவும் முடிகிறது. ஐந்து வருடம் கழித்துப் பக்கத்து நிலத்தை வாங்கும் புரமோட்டர் தனக்குத் தோதான இடத்தில் 30 அடி ரோடு விடுகிறார். இரண்டும் சந்திப்பதே இல்லை. "வெளி வண்டி வராது சார், பிள்ளைகள் நிம்மதியா விளையாடலாம்" என்றார்கள். அதில் மயங்கித்தான் நானும் வாங்கினேன். தெருக்குத்து இருக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரித்தவன், இந்தத் தெரு எங்கே போகிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

தி.நகர் 1920-களில் ஏரியைத் தூர்த்துப் போட்ட ஊர். அந்தப் பாவம் தனிக்கணக்கு. ஆனால் பனகல் பூங்காவைச் சுற்றி எந்தப் பக்கம் நெரிசல் என்றாலும் நுழைந்து வெளியேற இன்னொரு தெரு உண்டு. ஹவுசிங் போர்டு போட்ட அண்ணா நகரிலும் அப்படித்தான். முதலில் தெரு, பிறகுதான் மனை. அங்கெல்லாம் பங்களா போய் ஃபிளாட் வந்துவிட்டது, தெரு மட்டும் போட்டது போட்டபடி இருக்கிறது. என் பயமே அதுதான். வீட்டை இடித்துக் கட்டலாம், முட்டுச்சந்தை யார் வந்து திறப்பது?

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி 2022-ல் அரசாணை வந்தது. அரக்கோணம் வரை போகிறது. அதில் இன்னும் எத்தனையோ வயல்கள் நெல்லோடு நிற்கின்றன. பெரிய லேஅவுட் என்றால் பூங்காவுக்கு 10 சதவீதம் விடச் சொல்கிறோம் இல்லையா? அதே கறாரோடு, அடுத்த நிலத்துத் தெருவோடு சேரும்படி ரோடு விடு என்றும் சொல்ல வேண்டும். கார் போக வேண்டாம், சரி. ஆள் நடக்க நாலடி போதும்.

போன வருடம் யாரோ எங்கள் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார்கள். வேலைக்கு வரும் அக்கா, பள்ளிப் பிள்ளைகள், மளிகைக்கடைப் பையன் என்று ஒரு மாதம் தெரு களைகட்டியது. பாதுகாப்பு போச்சு என்று சங்கக் கூட்டத்தில் பேசி அடைத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில், அத்தை பக்கத்துச் சுவரடியில், நாலு ஹாலோ பிளாக் அடுக்கியிருக்கிறது. அத்தை அதில் ஏறித்தான் மீன்குழம்புத் தூக்கை எனக்கு எட்டிக் கொடுக்கிறார்.