பழைய வீட்டை விற்கும் முன் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள்

பெரியம்மா வீட்டை விற்றுவிடலாம் என்று குடும்பத்தில் முடிவாகியிருக்கிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆளில்லாத வீட்டைப் பராமரிக்கும் கஷ்டம் அதைச் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். என் வருத்தம் வேறு. பேச்சு முழுக்க எத்தனை சதுர அடி, யாருக்கு எவ்வளவு பங்கு என்றே போகிறது. விடுமுறைதோறும் அங்கேயே கிடந்து வளர்ந்த நாங்கள் கடைசியாக ஒருமுறை உள்ளே போக வேண்டாமா என்று கேட்டால், "அதான் போட்டோ இருக்கே" என்கிறார்கள்.

இருக்கிறது. எல்லாமே வாசலில் வரிசையாக நின்று எடுத்தவை. பின்னால் ஒரு கதவும் பாதி ஜன்னலும் தெரியும். எனக்குள் இருக்கும் வீடு அதுவல்ல. மாடிப்படிக்குக் கீழே, குனிந்தால் மட்டுமே நுழைய முடிகிற ஓர் இடம் உண்டு. உடைந்த நாற்காலிகளும் கட்டிவைத்த செய்தித்தாள்களும் அங்கேதான் கிடக்கும். மத்தியானம் பெரியவர்கள் கண்ணயர்ந்ததும் அது எங்கள் ராஜ்ஜியம். பரணில் ஏற ஸ்டூலை இழுத்தால் போதும், எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் பெரியப்பா எழுந்துவிடுவார். நடு அறையின் நிலைச்சட்டத்தில் எங்கள் உயரத்தைப் பென்சிலால் குறித்து, பக்கத்தில் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருப்பார் பெரியம்மா. அவருடைய மர அலமாரியைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனையும் மடித்துவைத்த பழைய துணியின் வாசனையும் சேர்ந்து வரும். இவற்றில் எது போட்டோவில் இருக்கிறது?

அந்த வாசனை இன்றைக்கு எங்கே வந்தாலும் ஒரு நொடியில் அலமாரி முன்னால் நிற்கிறேன். பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற பகுதி வழியாகத்தான் மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தச் சுற்று வழி தேவையில்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை அது சீக்கிரமே தொட்டுவிடுகிறது.

இடத்துக்கும் அப்படியொரு பிடி உண்டு. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் தூண்டப்படுகிற செல்கள் அதன் மூளையில் இருப்பதை 1971இல் மூளை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். 2014ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் மோசர் தம்பதிக்கும் கிடைத்தது, மூளை இடத்தை அறியும் விதம் பற்றிய இத்தகைய ஆராய்ச்சிக்காகத்தான். அந்தச் செல்கள் இருக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதிதான், நடந்தவற்றை நினைவில் பதிக்கவும் உதவுகிறது. நடந்ததும் நடந்த இடமும் ஒரே பகுதியில் பிணைந்து கிடக்கின்றன.

பெரியம்மாவுக்கு இப்போது நேற்றுச் சொன்னது இன்று நிற்பதில்லை. ஆனால் அண்ணன் ஏதோ சாவி தேட அவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனபோது, மாடி ஜன்னல் ஓரம் நின்று, கல்யாணமாகி வந்த புதிதில் தன் அம்மாவுக்கு இங்கே உட்கார்ந்துதான் கடிதம் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறார். என்னென்ன எழுதினார் என்பதுகூட ஞாபகம் இருந்ததாம். எங்களில் யாருமே அதுவரை கேள்விப்படாத கதை. அந்த ஜன்னலைப் பெயர்த்துப் போட்ட பிறகு அதை யார் போய்க் கேட்பது?

அதனால் பழைய வீட்டை விற்கப்போகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: வயதானவர்களை முதலில் உள்ளே அழைத்துப் போங்கள். அவசரப்படுத்தாமல், அவர்கள் போக்கில் அறை அறையாக நடக்க விடுங்கள். சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கதவின் சத்தத்தையும் சேர்த்துத்தான்.

அப்புறம், எல்லோரும் கூடி உட்கார்ந்து கதை பேசுவதற்கு முன்பே, அவரவர் ஞாபகத்தைத் தனித்தனியாக எழுதி வாங்கிவிடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையை, வீட்டார் சொன்ன உண்மைக் கதைகளோடு கலந்து 24 பேரிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் அது தனக்கு நடந்ததாக முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார். சத்தமாகச் சொல்கிறவரின் ஞாபகம் மற்றவர்களுடையதாகிவிடும். எங்கள் வீட்டில் மாடிப்படியிலிருந்து உருண்டது நானா தம்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டாம், இரண்டையும் எழுதி வைப்போம்.

பத்திரப் பதிவுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கச் சொல்லி குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். வாங்குகிறவரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: வீட்டை இடிப்பதாக இருந்தால் அந்த நிலைச்சட்டத்தை மட்டும் எங்களுக்குத் தரட்டும். அதற்கு உள்ள விலையைக் கழித்துக்கொள்ளட்டும்.