ஃபோர்ட் கொச்சி எர்ணாகுளத்தின் புறநகர் அல்ல

அண்ணா, "ஃபோர்ட் கொச்சி எப்போதும் கொச்சி ராஜாவின் ஊர்தான், எர்ணாகுளம் வளர்ந்தபோது அதையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

1663-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டைப் பகுதி அது, 1795-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, அதற்கப்புறம் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. ஒட்டியே இருக்கும் மட்டாஞ்சேரி ராஜாவுடையது. நடந்தே போகிற தூரத்தில் இரண்டு அரசாங்கம்! பாலக்காட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும், ஏனென்றால் இங்கேயும் பாலக்காடு மலபாரிலும் பக்கத்துச் சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும்தானே இருந்தன.

நகராட்சி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர்ட் கொச்சி 1866-லேயே தனி நகராட்சி, பாலக்காடும் அதே வருடம்தான். எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் ராஜா நகர சபை அமைத்தது 1896-ல். அப்படியென்றால் மூத்தது எது?

1967 நவம்பர் 1-ல் இந்த மூன்று நகராட்சிகளும் வில்லிங்டன் தீவும் பள்ளுருத்தி, வைற்றில, இடப்பள்ளி, வெண்ணல பஞ்சாயத்துகளும் ஒன்றாகித்தான் கொச்சி மாநகராட்சி உருவானது. நூறு வருடம் தனியாக நடந்த நகராட்சியை, அதுவும் டோபி கானா என்கிற பொதுச் சலவைக்கூடத்தின் பக்கம் இன்றும் நம் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கிற ஊரை, ஒட்டுப்பகுதி என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி இணைந்தபோதும் ஃபோர்ட் கொச்சி அதில் இல்லை, 1956 வரை சென்னை மாநிலம்தான். அங்கே வேர் உள்ளவர்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் மலபார் மாவட்டம் என்று இருந்தால் அது எழுத்துப் பிழை இல்லை.